விடைப்பக்கம்

விண்ணப்ப முடிவுத் திகதியன்று
முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராய் இருத்தல் வேண்டும்.
எனக்கு அன்றைக்கு
முப்பத்து நான்கு, பதினொரு மாதம், ஒன்பது நாள்.
முதல் கணக்கு இதுதான்.
இதைச் சரியாகச் செய்துவிட்டேன்.

விடிய நாலரைக்கு மீன் வாடியில் நிறை எழுதுகிறவள் நான்.
பதினேழு கிலோ நானூறு கிராம் சூரை,
கிலோ ஆயிரத்து நூற்றைம்பது.
தராசு ஆடி அடங்குமுன் சொல்லிவிடுவேன்:
இருபதாயிரத்துப் பத்து.
பத்தை விடு பிள்ளை என்பார் வாங்க வந்தவர்.
விடமாட்டேன்.
அதே பெருக்கல்
நான்கு விடைகளோடு தாளில் வந்து உட்கார்ந்தால்
பென்சிலுக்கு வியர்க்கிறது.

பின்னேரம் ஐந்து மணிக்கு
கோட்டை வாசலடிக்கு ஜெஸீமா வருவாள்
கிண்ணியா பஸ்ஸில், மடியில்
கடந்தகால வினாத்தாள் கட்டோடு.
இரண்டு பிளேன்ரீ, ஒரு வடை, ஒரு மணிக்கூடு.
அறுபது வினா, அறுபது நிமிடம்.
வடைக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

நீரோட்டத்தை எதிர்த்து ஓடம் மூன்று மணித்தியாலம்,
நீரோட்டத்தோடு இரண்டு…
"பாலம் போட்டு எத்தின வருசம்," என்கிறாள்,
"இவங்கட தாளில இன்னும் ஓடம்தான் ஓடுது."

தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு.
ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான்கு மடங்கு.
நாற்பத்தைந்து, பதினைந்து. முப்பது செக்கன்.
வயதுக் கணக்குகளில் தகப்பன்மார்
எப்போதும் உயிரோடிருக்கிறார்கள்.
என்னுடையவர் முப்பத்தொன்றில் நின்றுகொண்டார்.
மூன்று வருடத்துக்கு முன் நான் அவரைத் தாண்டிப் போனேன்.
ஒரு நாள் எக்ஸ் என்று போட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது சமன்பாடு கிடைக்கவில்லை.

எல்லா மான்களும் புல் தின்பவை.
இது ஒரு மான்.
ஆகவே,
என்று நான் வாசித்துக்கொண்டிருக்கையில்
பின்னால் வந்து நின்ற கோட்டை மான்
விடைப்பக்கத்தை இழுத்தது.
எட்டிப் பிடித்தோம். ஓரம் மட்டும் மிஞ்சியது,
எச்சில் ஈரத்தோடு, அறுபதாம் வினாவின் விடை: இ.
மீதி ஐம்பத்தொன்பதும்
அதன் தாடையில் இடமிருந்து வலமாக.

"முதலாம் கூற்றே பொய்," என்றாள் ஜெஸீமா.
மூக்கால் தேநீர் வரும்வரை சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் சிக்கல்.
ஒன்று, இரண்டு, நான்கு, அடுத்து என்ன?
எட்டு என்றேன். ஒவ்வொரு தரமும் இரட்டிக்கிறது.
ஏழு என்றாள். ஒன்றைக் கூட்டு, இரண்டைக் கூட்டு, மூன்றைக் கூட்டு.
விடைகளில் ஏழும் இருந்தது, எட்டும் இருந்தது.
பக்கத்தைப் புரட்டிப் பார்க்கப் பக்கம் இல்லை.
இத்தனை மாதமும் நாங்கள் யோசித்ததில்லை,
சரிபார்த்திருக்கிறோம் என்று
அந்த இடத்தில்தான் தெரிந்தது.

அவள் மணலில் கீறினாள். நான் அழித்துக் கீறினேன்.
விளக்குகள் எரிந்தன. ஆறே முக்கால் பஸ் போனது.
அடுத்த பஸ்ஸின் மிதிபலகையில் நின்றபடி சொன்னாள்:
"நீ எட்டைப் போடு, நான் ஏழைப் போடுறன்.
ஒருத்திக்காவது ஒரு புள்ளி விழும்."
அது சரியான தர்க்கம்.
வெற்றிடம் பத்தொன்பது, விண்ணப்பம் நாலாயிரம் என்பதை
இருவருமே வகுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிய, வாடியில்
முதல் கூடையில் ஒரு பாரை.
அடுத்ததில் இரண்டு. அடுத்ததில் நான்கு.
கை தானாக நின்றது.
மற்றக் கூடையை இழுத்துக் கவிழ்த்தார்கள்.
எண்ணினேன்.
ஆறு.